நச்சற்ற கரைப்பானில் நுண்துளைப் பிளாஸ்டிக் சவ்வு: கடல்நீரை வடிக்கும் சவ்வைச் செய்யும் முழுமையான வழிகாட்டி

கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுகளின் வரலாறு ஓரளவு தீங்கு குறைந்த ஒரு கரைப்பானில்தான் தொடங்கியது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு, அசிட்டோனில் கரைக்கப்பட்டு, தண்ணீரில் அமிழ்த்தித் திடமாக உறைய வைக்கப்பட்டது. செல்லுலோஸ் அசிட்டேட்டைவிட உறுதியான பாலிசல்போன், பாலிவினைலிடீன் புளோரைடு போன்ற பிளாஸ்டிக்குகள் பின்னர் வந்தபோது அவற்றைக் கரைக்க அசிட்டோன் போதவில்லை. டைமெத்தில் ஃபார்மமைடு, டைமெத்தில் அசிட்டமைடு, என்-மெத்தில் பைரோலிடோன் ஆகிய மூன்று கரைப்பான்களும் சவ்வுக் கூடங்களுக்குள் நுழைந்தது அப்போதுதான். இம்மூன்றும் பிளாஸ்டிக்கை எளிதில் கரைக்கும்; தண்ணீரிலும் எல்லா விகிதத்திலும் கலக்கும். ஆனால் மூன்றும் தோல் வழியே உடலுக்குள் செல்லக்கூடியவை. மூன்றையும் ஐரோப்பிய ஒன்றியம் கருவுக்குத் தீங்கு செய்யும் பொருள்களின் 1பி பிரிவில் வைத்திருக்கிறது. என்-மெத்தில் பைரோலிடோனுக்கு 2018-லும், டைமெத்தில் ஃபார்மமைடுக்கு 2021-லும் அங்கே தனிக் கட்டுப்பாட்டு விதிகள் இயற்றப்பட்டன.

மாற்றுக் கரைப்பான்களைத் தேடும் ஆராய்ச்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. இத்தாலியின் ரெண்டே நகரிலுள்ள சவ்வுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இவ்வகைப் பணியில் முன்னணியில் இருப்பவற்றுள் ஒன்று. இத்துறைக்குள் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். பழைய செய்முறையில் கரைப்பானின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அதே சவ்வு கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். கரைப்பான் மாறினால் கரைக்கும் வெப்பநிலை, கரைசலின் பிசுபிசுப்பு, உறையும் வேகம், துளையின் வடிவம், கழுவும் நேரம், கழிவுநீரின் தன்மை ஆகிய அனைத்தும் மாறிவிடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி, பாலிவினைலிடீன் புளோரைடை ட்ரைஎத்தில் பாஸ்பேட்டில் கரைத்து, சவ்வு வடித்தலுக்கு (சூடான உப்புநீரின் ஆவியை மட்டும் சவ்வு வழியே கடத்தி நன்னீராக்கும் முறைக்கு) ஏற்ற தட்டைச் சவ்வை ஆய்வகத்தில் செய்யும் ஒரே வழியை எடுத்துக்கொண்டு, அதன் தொடக்கத்திலிருந்து கழிவுநீர் வரை விளக்குகிறது. சுருக்கம் கருதி, அந்தப் பிளாஸ்டிக்கை இனி பிவிடிஎஃப் என்றும், கரைப்பானை டிஇபி என்றும் குறிப்பிடுவோம்.

எந்தச் சவ்வு, எதற்காக?

சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இயங்கும் ஆலைகள் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில், அதாவது உப்பை மறிக்கும் சவ்வின் வழியே தண்ணீரை அழுத்திப் பிழியும் முறையில், செயல்படுபவை. கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம், அதாவது சவ்வுக்கு அப்பாலுள்ள நன்னீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தம், ஏறத்தாழ 27 பார் (1 பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). அதை மீறித் தண்ணீரைப் பிழிய 55 முதல் 70 பார் வரை அழுத்தம் தர வேண்டியிருக்கிறது. பாதி நீரைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் உப்புநீரில் உப்பு இருமடங்காகிவிடுவதால், மேலும் பிழிவது விரைவிலேயே இயலாததாகிவிடுகிறது.

சவ்வு வடித்தல் வேறு வகையானது. இங்கே சவ்வின் ஒரு பக்கம் சூடான உப்புநீரும் மறுபக்கம் குளிர்ந்த நன்னீரும் ஓடுகின்றன. சவ்வு தண்ணீரை ஒட்டவிடாத பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் திரவநீர் துளைக்குள் புகாது. நீராவி மட்டும் கடந்து சென்று மறுபக்கத்தில் குளிர்ந்து நீராகும். உந்துவிசையாக இருப்பது இருபுற ஆவியழுத்த வேறுபாடு. 60 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் ஆவியழுத்தம் 19.9 கிலோபாஸ்கல், 20 டிகிரியில் 2.3 கிலோபாஸ்கல். லிட்டருக்கு 35 கிராம் உப்பு இந்த ஆவியழுத்தத்தை ஏறக்குறைய 2 விழுக்காடுதான் குறைக்கிறது. உப்பு இருமடங்கானாலும் இழப்பு 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எனவே எதிர்ச் சவ்வூடுபரவல் ஆலை கைவிடும் அடர் உப்புநீரையும் இம்முறையில் வடிக்க முடியும். ஆற்றல் செலவு மிகுதி என்பதால், வீணாகும் வெப்பமோ சூரிய வெப்பமோ கிடைக்கும் இடத்தில்தான் இது பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இதற்குத் தேவையான சவ்வின் இலக்குகளைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. துளை விட்டம் 0.1 முதல் 0.5 மைக்ரோமீட்டர், துளைப் பங்கு (சவ்வின் கன அளவில் வெற்றிடத்தின் பங்கு) 70 விழுக்காட்டுக்கு மேல், தடிமன் 80 முதல் 150 மைக்ரோமீட்டர், மிகப் பெரிய துளையும் 1 மைக்ரோமீட்டரைத் தொடக் கூடாது. கடைசி நிபந்தனையே மற்றவற்றைவிட முக்கியமானது. சராசரித் துளை எவ்வளவு அழகாக இருந்தாலும், அளவு மீறிய ஒரே துளை வழியே உப்புநீர் நன்னீர்ப் பக்கம் வந்துவிடும்.

கரைப்பானைத் தேர்தல்

பிவிடிஎஃபுக்கு இன்று நான்கைந்து மாற்றுக் கரைப்பான்கள் பேசப்படுகின்றன. டைமெத்தில் சல்ஃபாக்சைடு மலிவானது, நச்சுத்தன்மை மிகக் குறைந்தது, 189 டிகிரியில் கொதிப்பது. ஆனால் 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். தன்னில் கரைந்திருக்கும் பிற பொருள்களைத் தோல் வழியே உடலுக்குள் இழுத்துச் செல்லும் குணமும் அதற்கு உண்டு. தண்ணீருடன் மிக வேகமாக இடம் மாறுவதால், அதில் செய்த சவ்வின் குறுக்குவெட்டில் விரல் போன்ற பெருங்குழிகள் தோன்றும். மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து பெறப்படும் சைரீன், பெட்ரோலியத்தை நம்பாதது என்ற வகையில் கவர்ச்சியானது. ஆனால் விலை அதிகம், காரங்களோடு வினைபுரியும். அசிட்டைல் ட்ரைபியூட்டைல் சிட்ரேட் உணவுப் பொதிகளின் பிளாஸ்டிக்கில் மென்மையூட்டியாகச் சேர்க்கப்படும் அளவுக்குப் பாதுகாப்பானது என்றாலும் தண்ணீரில் கலக்காது. அதற்கு வேறு செய்முறை வேண்டும். அதைப் பின்னால் சுருக்கமாகப் பார்ப்போம்.

டிஇபி 215 டிகிரியில் கொதிப்பது, தண்ணீரில் முழுவதும் கலப்பது, பிவிடிஎஃபைச் சூட்டில் மட்டும் நன்றாகக் கரைப்பது. கரைக்கும் வலிமை குறைவு என்பதே இங்கே அதன் சிறப்பு. வலிமையான கரைப்பான் தண்ணீரைக் கண்டதும் பிளாஸ்டிக்கைச் சட்டென்று கைவிட்டு வெளியேறும்; அந்த அவசரத்தில் மேலே அடர்ந்த தோலும் உள்ளே பெருங்குழிகளும் உண்டாகும். வலிமை குறைந்த டிஇபியில் பிரிதல் மெதுவாக நடப்பதால் மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான, கடற்பஞ்சு போன்ற வலை கிடைக்கிறது. சவ்வு வடித்தலுக்கு வேண்டியது அதுவே.

நச்சற்றது என்ற சொல்லை இங்கே ஒப்பீட்டு நிலையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டிஇபி கருவுக்குத் தீங்கு செய்யும் பட்டியலில் இல்லை. ஆயினும் விழுங்கினால் தீங்கு தரும், கண்ணை எரிக்கும். கையுறை, கண்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைப்போக்கி மூன்றும் கட்டாயம். பாத்திரங்கள் போரோசிலிக்கேட் கண்ணாடியாக இருக்கட்டும். பாலிஸ்டைரீன் கிண்ணங்களை இக்கரைப்பான் மென்மையாக்கிவிடும்.

முதற்படி: உலர்த்துதலும் கரைத்தலும்

எடைச் சராசரி மூலக்கூறு நிறை 3 லட்சத்துக்கும் 6 லட்சத்துக்கும் இடைப்பட்ட பிவிடிஎஃப் தூளை எடுத்து, 70 டிகிரியில் வெற்றிட அடுப்பில் ஓர் இரவு உலர்த்த வேண்டும். தூளில் ஒட்டியிருக்கும் சிறு ஈரமும் கரைசலைப் பிரிநிலைக்கு (பிளாஸ்டிக் கரைப்பானை விட்டுப் பிரியும் நிலைக்கு) அருகே நகர்த்திவிடும்.

85 கிராம் டிஇபியை மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் எடுத்து, கலக்கியை ஓடவிட்டு, 15 கிராம் பிவிடிஎஃபைக் குளிர்ந்த நிலையிலேயே சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். சூடான கரைப்பானில் தூளைக் கொட்டினால் ரவை கட்டிபிடிப்பது போலவே கட்டிபிடிக்கும். கட்டியின் வெளிப்புறம் கூழாகி, உள்ளிருக்கும் தூளுக்குக் கரைப்பான் போய்ச் சேராது. தூள் முழுதும் நனைந்த பின் வெப்பநிலையை மெல்ல 90 டிகிரிக்கு உயர்த்தி, 6 மணி நேரமாவது கலக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியிலோ வெப்பநிலை காட்டும் தகட்டிலோ வைத்தால் போதும்; நேரடித் தீ கூடாது.

கரைசல் தெளிந்துவிட்டது என்பதற்காக உடனே நிறுத்திவிடலாகாது. பிவிடிஎஃப் பாதி படிகமாகும் பிளாஸ்டிக். குறைந்த வெப்பநிலையில் அல்லது குறைந்த நேரத்தில் கரைத்தால், கண்ணுக்குத் தெரியாத படிக மிச்சங்கள் கரைசலில் தங்கி, பின்னர் உறையும்போது விதைகளாகச் செயல்படும். விதை அதிகமானால், அவற்றைச் சுற்றி வளரும் படிக உருண்டைகள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் அமையும்; சவ்வின் வடிவமே மாறிவிடும். ஒரே செய்முறையைப் பின்பற்றும் இருவருக்கு இருவேறு சவ்வுகள் கிடைப்பதற்கு, அவர்கள் எழுதி வைக்காமல் விட்ட கரைப்பு வெப்பநிலையும் நேரமும் காரணமாக இருக்கலாம்.

துளையுண்டாக்கியாகப் பாலிவினைல் பைரோலிடோனைச் சேர்க்கும் பழக்கம் வடிகட்டிச் சவ்வுகளிலிருந்து வந்தது. இச்சவ்வில் அதைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. எவ்வளவு கழுவினாலும் அதில் ஒரு பங்கு சவ்விலேயே தங்கும். அது தண்ணீரை விரும்பும் பொருள் என்பதால் உப்புநீரைத் துளைக்குள் அழைத்துச் செல்லும்.

கரைந்த பின் கலக்கியை நிறுத்தி, 70 டிகிரியில் மூடியபடியே ஓர் இரவு அசையாமல் வைத்தால் காற்றுக் குமிழிகள் தாமாக வெளியேறும். இந்தக் கரைசலைக் குளிரவிட்டால் கூழாகிவிடும். கூழான கரைசல் கெட்டுவிட்டது என்று எண்ணி எறிந்துவிடத் தேவையில்லை. மறுபடி 90 டிகிரிக்குச் சூடாக்கினால் திரும்பவும் ஓடும்.

இரண்டாம் படி: கண்ணாடியில் பரப்புதல்

ஒரு கண்ணாடித் தட்டை எத்தனாலால் துடைத்து உலர்த்தி, 45 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் சூடான கரைசலை ஊற்றினால் அடிப்பக்கம் மட்டும் முதலில் கூழாகி, கத்தி நகரும்போது வரி வரியாகக் கிழியும். கரைசலைச் சீரான தடிமனில் பரப்பும் வார்ப்புக் கத்தியின் இடைவெளியை 250 மைக்ரோமீட்டரில் வைத்து, கரைசலைக் கத்தியின் முன்னே ஒரு கோடாக ஊற்றி, நிற்காமல் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். கையால் இழுப்பவர்கள் நடுவில் தயங்கிய இடம் சவ்வில் குறுக்குக்கோடாகத் தெரியும்.

இங்கே ஒரு சிறு கணக்கு பின்னால் பெரிதும் உதவும். பிவிடிஎஃபின் அடர்த்தி 1.78, டிஇபியின் அடர்த்தி 1.07. ஆகவே நம் 100 கிராம் கரைசலின் கன அளவு ஏறத்தாழ 88 மில்லிலிட்டர். ஏ4 தாளளவுள்ள பரப்பை 250 மைக்ரோமீட்டர் உயரத்துக்கு நிரப்ப 15.6 மில்லிலிட்டர் போகும். ஐந்து தாள்கள் கிடைக்கும். ஒரு சதுர மீட்டருக்குப் பிவிடிஎஃப் 43 கிராம், டிஇபி 242 கிராம் என்று வருகிறது. இவ்விரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஈரக்காற்றில் நிறுத்துதல்

பரப்பிய படலத்தை நேரே தண்ணீரில் போடலாம். போட்டால் மேற்பரப்பில் துளை குறைந்த தோல் படியும். அதைத் தவிர்க்க, படலத்தைச் சிறிது நேரம் ஈரக்காற்றில் நிறுத்துகிறோம். காற்றிலுள்ள நீராவி படலத்துக்குள் மெல்லப் புகுந்து பிரிதலைத் தொடங்கிவைக்கிறது. டிஇபி எளிதில் ஆவியாகாத கரைப்பான் என்பதால் இந்நேரத்தில் படலம் கரைப்பானை இழப்பதில்லை, நீரைப் பெறுகிறது. மேற்பரப்பு தண்ணீரின் திடீர்த் தாக்குதலுக்கு ஆளாகாததால் அங்கேயும் துளைகள் திறந்த நிலையில் உறைகின்றன.

ஒப்பு ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காடு, வெப்பநிலை 25 டிகிரி என்ற நிலையில் தொடங்கி, நிற்கும் நேரத்தை 0, 1, 2.5, 5 நிமிடம் என்று மாற்றி நான்கு தாள்கள் செய்து பார்ப்பது முதல் சோதனையாக இருக்கட்டும். ஐந்தாவது தாள் பழுதானதற்கு மாற்று. படலம் தெளிவிலிருந்து பால்வெண்மைக்கு மாறத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; அது ஒரு நல்ல கைகாட்டி.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் படியில் தனி எச்சரிக்கை உண்டு. குளிரூட்டி ஓடும்போது அறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும். மின்சாரம் நின்று சன்னலைத் திறந்தால் 80-ஐத் தொடும். காலையில் செய்த தாளும் மாலையில் செய்த தாளும் இருவேறு சவ்வுகளாகிவிடும். மூடியுள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே ஈரப்பதமானி ஒன்றையும், தெவிட்டிய சோடியம் குளோரைடு கரைசல் நிரம்பிய அகலத் தட்டையும் வைத்தால், அது உள்ளிருக்கும் காற்றை 75 விழுக்காட்டில் நிலைநிறுத்தும். பெரும் செலவில்லாத ஏற்பாடு இது; விலையுயர்ந்த ஈரப்பத அறை இல்லை என்பதற்காக இந்தப் படியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

நான்காம் படி: உறைய வைத்தல்

கண்ணாடித் தட்டோடு படலத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரே சீராக, சாய்வாக இறக்க வேண்டும். தண்ணீர் 20 முதல் 25 டிகிரியில் இருக்கட்டும். டிஇபி வெளியேறத் தண்ணீர் உள்ளே நுழைந்து, பிவிடிஎஃப் வெண்மையான திடவலையாக நிற்கும். சில நிமிடங்களில் தானே கண்ணாடியை விட்டு மிதக்கும். நகத்தால் கிளப்பி எடுத்தால் விளிம்பு கிழியும். மிதக்கும் வரை பொறுத்திருப்பதே வழி.

மேற்பரப்பில் இன்னும் தோல் தெரிகிறது என்றால், தொட்டியில் பாதி எத்தனால் சேர்த்து உறைவை மேலும் மெதுவாக்கலாம். ஆனால் எத்தனால் சேர்ந்த பின் அந்தத் தொட்டி நீரிலிருந்து கரைப்பானை மீட்பது மூன்று பொருள்களைப் பிரிக்கும் வேலையாகிவிடும். ஈரக்காற்றில் நிற்கும் நேரத்தை மாற்றியே விரும்பியதைப் பெற முடியுமானால், எத்தனாலைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஐந்தாம் படி: கழுவுதல், உலர்த்துதல்

சவ்வைப் புதுத்தண்ணீருக்கு மாற்றி 24 மணி நேரம் வைத்து, அதற்குள் மூன்று முறை தண்ணீரை மாற்ற வேண்டும். அதில் ஒருமுறை 60 டிகிரி வெந்நீராக இருக்கட்டும். தங்கிவிட்ட டிஇபி பிளாஸ்டிக்கை மென்மையாக்கும். உலரும்போது துளைகள் குறுகும். கழுவியது போதுமா என்று அறிய ஓர் எளிய சாதகம் இக்கரைப்பானில் உண்டு. டிஇபியின் எடையில் 17 விழுக்காடு பாஸ்பரஸ். பிவிடிஎஃபில் பாஸ்பரஸ் அறவே இல்லை. எனவே கடைசிக் கழுவுநீரில் மொத்தப் பாஸ்பரஸை அளந்தால், அது நேரே எஞ்சிய கரைப்பானின் அளவைச் சொல்லும். நீர்ச் சோதனைக் கூடங்களில் வழக்கமாகச் செய்யும் மாலிப்டேட் நிறச் சோதனை ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டுமே காட்டும் என்பதால், முதலில் பெர்சல்ஃபேட்டால் மாதிரியைச் செரித்து (டிஇபியைச் சிதைத்து ஆர்த்தோபாஸ்பேட்டாக்கி), அதன் பிறகே அளக்க வேண்டும். அந்த முன்வேலையை விட்டுவிட்டால், கரைப்பான் நிறைந்த நீர்கூடத் தூய்மையானதாகத் தோன்றும்.

உலர்த்தும்போது துளைக்குள் இருக்கும் நீரின் பரப்பு இழுவிசை, மெல்லிய சுவர்களை உள்நோக்கி இழுக்கும். இதைத் தடுக்க, சவ்வை முதலில் எத்தனாலிலும் பின்னர் ஹெக்சேனிலும் ஊறவைத்து உலர்த்தும் செய்முறையைப் பல ஆய்வுக் கட்டுரைகளில் காணலாம். நச்சற்ற கரைப்பான் என்று தலைப்பிட்ட கட்டுரையிலும், நரம்புகளைப் பாதிக்கும் ஹெக்சேன் இப்படிப் பின்வாசல் வழியே வந்து நிற்பதைக் கண்டு வியப்படைந்திருக்கிறேன். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், எத்தனாலுடையது 22, ஹெக்சேனுடையது 18. பெரும்பயன் முழுவதும் எத்தனாலிலேயே கிடைத்துவிடுகிறது. மீதமுள்ள நான்கு அலகுகளுக்காக ஹெக்சேனைக் கொண்டுவருவதற்கு நியாயமில்லை. எத்தனாலை இருமுறை மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரு வடிதாள்களுக்கு இடையே தட்டையாக வைத்து, அறை வெப்பநிலையில் ஒரு நாள் உலர்த்தினால் போதும்.

ஆறாம் படி: சவ்வு தேறியதா?

முதலில் துளைப் பங்கு. முன்பு குறித்து வைத்த எண் இங்கே பயன்படுகிறது. ஒரு சதுர மீட்டரில் 43 கிராம் பிவிடிஎஃப் என்றால், துளையே இல்லாமல் அது 24 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தகடாக இருக்கும். உலர்ந்த சவ்வின் தடிமன் 110 மைக்ரோமீட்டர் என்று மைக்ரோமீட்டர் கருவி காட்டினால், 110-இல் 24 திடம், மீதி வெற்றிடம். துளைப் பங்கு 78 விழுக்காடு. சவ்வு பக்கவாட்டில் சுருங்கியிருக்கக்கூடும் என்பதால், குறித்த பரப்பை வெட்டியெடுத்து அதன் உண்மையான எடையைக் கொண்டே இறுதிக் கணக்கைப் போட வேண்டும்.

அடுத்தது நீர்புகு அழுத்தம்: எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் சவ்வைத் துளைத்துப் போகும் என்ற அளவு. பரப்பு இழுவிசையின் நான்கு மடங்கைத் தொடுகோணத்தின் (நீர்த்துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணத்தின்) கோசைனால் பெருக்கி, மிகப் பெரிய துளையின் விட்டத்தால் வகுத்தால் இதன் மதிப்பீடு கிடைக்கும். 90 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் கோசைன் எதிர்க்குறி பெறும், அக்குறியை நீக்கிக்கொள்ள வேண்டும். தொடுகோணம் 110 டிகிரி, துளை 0.4 மைக்ரோமீட்டர் எனில் 2.5 பார் வருகிறது; துளை 1 மைக்ரோமீட்டர் எனில் 1 பார். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்புவது ஆபத்து. நுண்துளைச் சவ்வின் மேல் ஒரு துளி நீரை வைத்து அளக்கும் கோணத்தில், மேற்பரப்பின் சொரசொரப்பும் சேர்ந்திருக்கிறது. வழுவழுப்பான பிவிடிஎஃப் தகட்டின் கோணம் 90-ஐ ஒட்டியே இருக்கும்; அதை இட்டால் சூத்திரம் பூச்சியத்தை நோக்கிப் போய்விடும். ஆகவே நேரே அளப்பதே சரி. சவ்வை ஒரு கலத்தில் பொருத்தி, மேலே உப்புநீரை நிரப்பி, அழுத்தத்தை 0.1 பார் படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் நிறுத்தி, மறுபக்க நீரின் மின்கடத்துதிறன் எப்போது உயர்கிறது என்று பார்க்க வேண்டும். 1.5 பாருக்குக் கீழே உடையும் சவ்வை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வெப்ப எடைப் பகுப்பாய்வுக் கருவி கிடைத்தால், 100 முதல் 250 டிகிரிக்குள் எடை குறைகிறதா என்று பார்க்கலாம். பிவிடிஎஃப் சிதைவது 400 டிகிரியை ஒட்டித்தான். அதற்கு முன்பே குறையும் எடை பெரும்பாலும் எஞ்சிய கரைப்பானே. மின்னணு நுண்ணோக்கியில் மேற்பரப்பு, அடிப்பரப்பு, திரவ நைட்ரஜனில் முறித்த குறுக்குவெட்டு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் உள்ளிருக்கும் பெருங்குழிகளைத் தவறவிடுவது வழக்கம்.

ஏழாம் படி: உப்புநீரோடு ஓட்டிப் பார்த்தல்

20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கலத்தில் சவ்வைப் பொருத்தி, ஒருபுறம் லிட்டருக்கு 35 கிராம் சோடியம் குளோரைடு கரைந்த 60 டிகிரி நீரையும், மறுபுறம் 20 டிகிரி வடிநீரையும் எதிரெதிர்த் திசையில் ஓட்ட வேண்டும். இருபுற அழுத்தமும் 0.3 பாருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. சதுர மீட்டருக்கு மணிக்கு 15 கிலோகிராம் என்ற வேகம் கிடைத்தால், இச்சிறு கலத்தில் அது மணிக்கு 30 கிராம். தராசில் வைத்த நன்னீர்க் கலனின் எடை உயர்வே அளவை.

உப்புத் தடுப்பை (உப்பில் எத்தனை விழுக்காட்டைச் சவ்வு மறித்தது என்பதை) கணக்கிடும்போது பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். நன்னீர்க் கலனில் தொடக்கத்தில் 1 லிட்டர் வடிநீர் இருக்கிறது. கசியும் உப்பு அதில் கரைந்து நீர்த்துப்போவதால் கடத்துதிறன் மெல்லவே ஏறும். எடுத்துக்காட்டாக, தொடக்கத்தில் சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோசீமென்ஸாக இருந்தது, பத்து மணி நேரத்தில் 300 கிராம் நீர் சேர்ந்த பின் 6 ஆகியிருக்கிறது என்று கொள்வோம். ஏறக்குறைய 2 மைக்ரோசீமென்ஸுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் உப்பு. தொடக்கத்தில் 1 மில்லிகிராம், முடிவில் 1.3 லிட்டரில் 3.9 மில்லிகிராம்; கடந்து வந்தது 2.9 மில்லிகிராம். அதை வடிந்த 0.3 லிட்டருக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு 9.7 மில்லிகிராம், தடுப்பு 99.97 விழுக்காடு. கலனின் கடத்துதிறனை மட்டும் பார்த்தவர் இதைவிட மூன்று மடங்கு தூய்மையான நீர் வடிந்ததாக எழுதியிருப்பார்.

பத்து மணி நேர ஓட்டம் சவ்வு கிழியவில்லை என்பதை மட்டுமே காட்டும். துளைகள் மெல்ல நனையத் தொடங்குவது சில நாள்களுக்குப் பிறகே தெரியக்கூடும் என்பதால், தேறிய சவ்வை ஒரு வாரமாவது தொடர்ந்து ஓட்ட வேண்டும். உப்புநீரில் சோப்போ எண்ணெயோ கலந்திருந்தால் பரப்பு இழுவிசை குறைந்து, எந்த நல்ல சவ்வும் நனைந்துவிடும்.

சூட்டில் மட்டும் பிரியும் மாற்று வழி

தண்ணீரில் கலக்காத அசிட்டைல் ட்ரைபியூட்டைல் சிட்ரேட்டோடு பிவிடிஎஃபை ஏறத்தாழ 180 டிகிரிக்குச் சூடாக்கிக் கரைத்து, பின்னர் குளிரவைத்தாலே பிளாஸ்டிக் பிரிந்து துளைவலை உண்டாகும். சூட்டால் பிரிக்கும் இம்முறைக்கு அமெரிக்காவில் அந்தோணி காஸ்ட்ரோ 1981-இல் காப்புரிமை பெற்றார். உறுதியான, துளையளவு சீரான சவ்வு கிடைக்கும்; குழாய்வடிவ இழைகளுக்கு இதுவே ஏற்றது. குறை என்னவெனில், சவ்வுக்குள் தங்கும் சிட்ரேட்டை எத்தனாலால் பிழிந்தெடுக்க வேண்டும். மின்கலங்களில் பயன்படும் பாலித்தீன் பிரிப்புச் சவ்வுகளைப் பாரஃபின் எண்ணெயைக் கொண்டு இதே போலச் செய்து, அந்த எண்ணெயை டைகுளோரோமீத்தேனால் கழுவி எடுக்கும் வழக்கம் தொழிலில் உண்டு. கரைப்பான் சாதுவானது, அதை வெளியேற்றும் பொருள் நச்சு. எந்தச் செய்முறையைப் படித்தாலும் கழுவும் பத்தியையும் உலர்த்தும் பத்தியையும் தேடிப் படிப்பது நலம்.

பிவிடிஎஃபும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. அது புளோரின் சேர்ந்த பிளாஸ்டிக். ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் 2023 ஜனவரியில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் அளித்த பரந்த கட்டுப்பாட்டு முன்மொழிவு இவ்வகைப் பிளாஸ்டிக்குகளையும் உள்ளடக்கியது. பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரை ஒட்டவிடாத பிளாஸ்டிக்தான். ஆனால் அறை வெப்பநிலையில் அதைக் கரைக்கும் எளிய கரைப்பான் இல்லை என்பதால், மேற்சொன்ன சூட்டு முறைக்கே போக வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: தொட்டி நீர்

ஒரு சதுர மீட்டர் சவ்வுக்கு 242 கிராம் டிஇபி போனதாக முன்பு கணக்கிட்டோம். அதில் சவ்வில் ஒன்றும் மிஞ்சக் கூடாது என்பதால், அவ்வளவும் தண்ணீருக்குள் போயிருக்கிறது. உறைவுக்கும் கழுவுதலுக்குமாக 50 லிட்டர் நீர் செலவழித்தால், அது அரை விழுக்காட்டுக் கரைசல். டிஇபி தண்ணீரைவிட மிக உயர்ந்த வெப்பநிலையில் கொதிப்பதால், அதை மீட்க வேண்டுமானால் 50 லிட்டர் நீரையும் ஆவியாக்க வேண்டும். வெப்பத்தை மீட்காமல் செய்தால் அதற்கு மட்டும் 31 கிலோவாட்-மணி ஆற்றல் போகும். கால் கிலோ கரைப்பானுக்காக இதைச் செய்வது வீண். சாக்கடையில் விடுவதோ, பாஸ்பரஸை நீர்நிலைக்கு அனுப்புவது.

ஆகவே தண்ணீரைப் பின்னோக்கிப் பயன்படுத்த வேண்டும். மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்து, சவ்வு முதல் தொட்டியிலிருந்து மூன்றாவதற்குப் போகட்டும். புதுத்தண்ணீர் மூன்றாவதில் மட்டும் சேர்ந்து, அங்கிருந்து இரண்டாவதற்கும் முதலாவதற்கும் நகரட்டும். முதல் தொட்டியில் டிஇபி 10 முதல் 20 விழுக்காடு வரை சேரலாம். அதற்கு மேல் போனால் உறைவு மெதுவாகிச் சவ்வின் வடிவம் நகரும் என்பதால், தொட்டி நீரிலுள்ள டிஇபியின் அளவைச் செய்குறிப்பேட்டில் ஒவ்வொரு தாளுக்கும் எழுத வேண்டும். அந்த அடர்நீரைக் குறைந்த அழுத்தத்தில் வடித்தால், 15 விழுக்காட்டு நிலையில் கால் கிலோ கரைப்பானுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைந்த நீரையே ஆவியாக்க வேண்டியிருக்கும். கீழே தங்கும் டிஇபியின் ஈரத்தை நீக்கி அடுத்த கரைசலுக்கு எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய விளிம்புகளையும் பழுதான தாள்களையும் கழுவி உலர்த்தி மூடி வைத்தால், அவையும் 90 டிகிரி டிஇபியில் மறுபடி கரையும்; ஆனால் ஒப்பீட்டுச் சோதனைக்கான தொகுதியில் அவற்றைக் கலக்காமல், பயிற்சித் தாள்களுக்கென்று தனிக் குடுவையில் வைத்துக்கொள்ள வேண்டும்.